பீட் மாராவிச்: 83 ஆட்டம், 3,667 புள்ளி. இன்றைக்கு இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

#1 பழைய_ஸ்கோர்புக்

கெய்ட்லின் கிளார்க் இழையில் பாதியில் கிளம்பிய, மாராவிச்சின் சாதனை எவ்வளவு பெரிது என்ற சண்டையை இங்கே தனியாகக் கொண்டுவருகிறேன். அங்கே அவருடைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள், நியாயம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2024 மார்ச் 3 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கிளார்க், ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், கல்லூரிக் கூடைப்பந்தில் ஒருவர் எடுத்த மொத்தப் புள்ளியில் 3,667 என்ற எண்ணைத் தாண்டினார். தாண்டியது ஒரு ஃப்ரீ த்ரோவில், முதல் பாதி முடியும் நேரத்தில். எதிரணிக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்ததால் கிடைத்த ஃப்ரீ த்ரோ அது. அதுவரை 54 வருடம் அசையாமல் நின்ற அந்த எண், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) பீட் மாராவிச் 1970-ல் விட்டுச் சென்றது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் இன்றும் அதுதான் உச்சம்.

கிளார்க் கடைசியில் 3,951-ல் முடித்தார், 139 ஆட்டம். மாராவிச் ஆடியது 83 ஆட்டம்தான். சராசரி 44.2. ஒரு ஆட்டத்துக்கு நாற்பத்து நாலு! கல்லூரி ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு இது என்ன எண் என்று தெரியும். இன்றைக்கு ஒருவர் சீசன் முழுக்க 25 எடுத்தாலே நாடு முழுவதும் பேசுவார்கள்.

இதில் மூன்று விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அப்போது மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே இருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) கிடையாது. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் அது எல்லா இடத்துக்கும் வந்தது 1986-87 சீசனில். இரண்டு, முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால் அவருக்குக் கிடைத்தது மூன்றே வருடம். மூன்று, இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்கிற ஷாட் கிளாக்கும் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம்.

1,387 கூடை, தலா இரண்டு புள்ளி. 893 ஃப்ரீ த்ரோ, தலா ஒன்று. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 3,667 வரும்.

என்னைப் பொறுத்தவரை இது கூடைப்பந்தின் 99.94, கிரிக்கெட்டில் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி போல. மறுப்பவர்கள் வரலாம்.

#2 ரீபவுண்டு_ராசா

அண்ணே, நான் கேள்விப்பட்ட பெயர்தான், ஆனால் ஆட்டம் பார்த்ததில்லை. 'பிஸ்டல் பீட்' என்கிறார்களே, இவர்தானா? ஏன் அந்தப் பெயர்?

#3 பழைய_ஸ்கோர்புக்

இவரேதான் தம்பி. சின்னப் பையனாக இருந்தபோது பந்து அவருக்குக் கனம். தலைக்கு மேல் தூக்கி எறியத் தெம்பு இல்லை. அதனால் இடுப்புப் பக்கத்தில் இருந்து வீசுவார், உறையில் இருந்து துப்பாக்கியை உருவுவது போல. பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர் கடைசி வரை போகவில்லை. அப்புறம் அந்தச் சாம்பல் நிறச் சாக்ஸ். கணுக்காலில் தொளதொளவென்று தொங்கும். பழைய காணொளியில் யார் மாராவிச் என்று தேட வேண்டாம், காலைப் பார்த்தால் போதும்.

#4 கடைசி_பெஞ்ச்

மறுப்பவன் வந்துவிட்டேன்.

பிராட்மேனோடு ஒப்பிடாதீர்கள். பிராட்மேன் ஆடிய அணி ஜெயித்தது. மாராவிச் பிரதான அணியில் ஆடிய மூன்று சீசனில் எல்.எஸ்.யூ. முடித்தது (வெற்றி-தோல்வி) 14-12, 13-13, 22-10. கல்லூரிகளின் தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. தொடருக்கு ஒரு தடவை கூடப் போகவில்லை. 1970-ல் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. தொடரில் அரையிறுதி வரை வந்து மார்க்கெட் பல்கலைக்கழக அணியிடம் தோற்றார்கள். கென்டக்கியை ஒரு முறையும் ஜெயிக்கவில்லை. 1969 டிசம்பரில் யூ.சி.எல்.ஏ.விடம் வாங்கிய அடி 133-84.

அவருடைய மிகப் பெரிய ஆட்டங்களை எடுங்கள். 1970 பிப்ரவரி 7, அலபாமாவுக்கு எதிராக 69 புள்ளி. முடிவு? 106-104, தோல்வி. அதே மாதம் கென்டக்கிக்கு எதிராக 64. அதுவும் தோல்வி.

இப்போது இன்னொரு எண். மூன்று வருடத்தில் அவர் கூடையை நோக்கி எறிந்தது 3,166 தடவை. ஆட்டத்துக்கு 38! இன்றைக்கு எந்தப் பயிற்சியாளர் ஒருவனை 38 முறை எறிய விடுவார்? விட்டவர் யார் தெரியுமா? அவருடைய அப்பா. பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பிரெஸ் மாராவிச். வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுச் சமையல், யார் கேட்பது?

#5 பழைய_ஸ்கோர்புக்

கடைசி பெஞ்ச் சார், எண்கள் எல்லாம் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாராவிச் பிரதான அணிக்கு வருவதற்கு முந்தைய வருடம் எல்.எஸ்.யூ. எத்தனை ஜெயித்தது? மூன்று. 3-23. அங்கே இருந்து 14-12 என்பது சின்ன விஷயமா? அதே வருடம் கீழே முதலாமாண்டு அணியில் இவர் ஆட்டத்துக்கு நாற்பதுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிரதான அணி ஆடுவதற்கு முன்பே எழுந்து போன கூட்டம் உண்டு.

38 முறை எறிந்தார், உண்மை. எறிந்ததில் 43.8 சதவீதம் உள்ளே போனது. எதிரணியில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் அவர் மேலேயே நிற்பார்கள். அப்படியும் அந்த சதவீதம்.

பாஸ் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் தனிக் குறை. முதுகுக்குப் பின்னால், கால்களுக்கு நடுவே, பார்க்காமலே, மணிக்கட்டால் தட்டி... இன்றைக்குப் பையன்கள் இதையெல்லாம் செய்தால் கைதட்டுகிறோம். 1968-ல் செய்தால் 'சர்க்கஸ்' என்று திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டே செய்தவர் அவர்.

#6 ஆற்றங்கரை

நான் எல்.எஸ்.யூ. இருக்கும் பேட்டன் ரூஜில் நாலு வருடம் படித்தவன், அதனால் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே கூடைப்பந்து அரங்கின் பெயரே பீட் மாராவிச் அசெம்ப்ளி சென்டர். அதற்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கும் நடுவில் ஒரு கூண்டு. கூண்டு என்றால் சின்னது இல்லை, மரம், குளம் எல்லாம் உண்டு. அதற்குள் நிஜப் புலி. பல்கலைக்கழகத்தின் சின்னம். முதல் தடவை பார்த்தபோது வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. 2022-ல் அரங்கின் பக்கத்திலேயே மாராவிச்சுக்குச் சிலையும் வைத்தார்கள்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த அரங்கில் அவர் ஒரு கல்லூரி ஆட்டம் கூட ஆடவில்லை. அது திறந்தது 1972-ல். அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் ஆடியது ஜான் எம். பார்க்கர் வேளாண் கொட்டகையில். ஆம், வேளாண். கால்நடைக் கண்காட்சியும் குதிரைச் சவாரிப் போட்டியும் நடக்கிற இடம், உள்ளூரில் 'மாட்டு அரண்மனை' என்பார்கள். மண் தரைக்கு மேல் மரப்பலகையைப் போட்டு ஆட்டம். கால்பந்தைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காத அந்த ஊரில் அந்தக் கொட்டகை நிரம்பி வழிந்தது என்றால் காரணம் ஒரே ஆள்தான். புது அரங்கைப் 'பீட் கட்டிய வீடு' என்று அங்கே கிழவர்கள் இன்றும் சொல்வார்கள்.

#7 ரீபவுண்டு_ராசா

மாட்டுக் கொட்டகையில் 44 சராசரி. சரி, நான் கட்சி மாறிவிட்டேன் 😄

#8 நடுவர்_விசில்

அப்பா விஷயத்தைக் கடைசி பெஞ்ச் ஒரு வரியில் தாண்டிவிட்டார். அங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது.

பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்று ஓர் இரும்பாலை ஊர். செர்பியாவில் இருந்து வந்த குடும்பம். அப்பாவின் பெயரும் பீட்டர்தான். சிறுவயதில் பிட்ஸ்பர்க் பிரெஸ் என்ற செய்தித்தாளை விற்றதால் 'பிரெஸ்' ஆனார். இரும்பாலைக்குள் போகாமல் அவரை வெளியே கொண்டுவந்தது கூடைப்பந்து. போரில் கடற்படை விமானி. திரும்பி வந்து கொஞ்சநாள் தொழில்முறை ஆட்டம், பிறகு பயிற்சியாளர் வேலை. கிளெம்சன், வட கரோலினா ஸ்டேட், அப்புறம் எல்.எஸ்.யூ.

1947-ல் பீட் பிறந்தார். தனக்கு எட்டாததைப் பிள்ளைக்கு எட்ட வைப்பது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். நமக்குத் தெரியாத அப்பாக்களா? இங்கே டாக்டர் சீட்டுக்காகச் செய்வதை அங்கே அவர் பந்துக்காகச் செய்தார், அவ்வளவுதான்.

பயிற்சி என்றால் எப்படி? அப்பா காரை ஓட்டுவார். பையன் வண்டியில் இருந்து வெளியே சாய்ந்தபடி ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பந்து கையை விட்டுப் போகக்கூடாது. சினிமாவுக்குப் போனால் ஓர நாற்காலியில் உட்கார்ந்து படம் முடியும் வரை நடைபாதையில் தட்டுவார். விரல் நுனியில் பந்தைச் சுழற்றி, ஒரு விரலில் தோல் உரிந்தால் அடுத்த விரலுக்கு மாற்றி, ஒரு மணி நேரம். தூங்கும்போது பக்கத்தில் பந்து. எட்டாம் வகுப்பிலேயே மேல்நிலைப்பள்ளி அணியில் ஆடினார்.

கல்லூரி எது என்பதையும் அப்பாதான் முடிவு செய்தார். பீட் போக விரும்பியது மேற்கு வர்ஜீனியாவுக்கு. எல்.எஸ்.யூ. வேலையை ஒத்துக்கொண்ட அப்பா, கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டு வாசலை மிதிக்காதே என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். போட்டார்.

அதனால் 38 முறை எறிய அப்பா 'விட்டார்' என்பது சரியான சொல் இல்லை, சார். எறியத்தான் வேண்டும் என்று வளர்த்தார். வேறு பயிற்சியாளரிடம் போயிருந்தால் 25 புள்ளியும் நல்ல அணியும் கிடைத்திருக்கலாம். அந்தப் பையனுக்கு அது இன்னும் நல்ல வாழ்க்கையாகக்கூட இருந்திருக்கும்.

#9 கடைசி_பெஞ்ச்

நடுவர் சொன்னதை ஏற்கிறேன். 'வீட்டுச் சமையல்' என்று எழுதியது கொஞ்சம் மலிவான கிண்டல்தான்.

#10 மூன்று_புள்ளிக்_கோடு

அப்பா பிள்ளை என்றதும் இன்னொரு ஜோடி ஞாபகம் வருகிறது. டெட்ராய்ட் மெர்சியில் ஆடிய அன்டோயின் டேவிஸ். அவருக்கும் அப்பா மைக் டேவிஸ்தான் பயிற்சியாளர். கோவிட் காரணமாகக் கூடுதல் வருடம் கிடைத்ததால் ஐந்து சீசன், 144 ஆட்டம். 2023 மார்ச்சில் கடைசி ஆட்டம் முடிந்தபோது கையில் 3,664.

மூன்று புள்ளி குறைவு. ஒரே ஒரு த்ரீ!

அணி 14-19. வேறு ஏதாவது சிறிய தொடருக்குக் கூப்பிட்டால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. 'தோற்ற அணியைச் சாதனைக்காகக் கூப்பிடலாமா' என்று அன்றைக்குப் பெரிய சண்டை. எனக்குக் கூப்பிட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. 144 ஆட்டம் ஆடித் தாண்டியிருந்தால் மட்டும் மாராவிச்சின் மதிப்பு குறைந்துவிடுமா என்ன?

அவர் எறிந்த இடங்களைக் குறித்து வைத்துப் பிற்காலக் கோட்டின்படி கணக்குப் போட்டால் சராசரி 57 வந்திருக்கும் என்று, எல்.எஸ்.யூ.வின் பிற்காலப் பயிற்சியாளர் டேல் பிரவுன் சொன்னதாக ஒரு கணக்கு சுற்றுகிறது. எனக்கு இந்த 'இருந்திருந்தால்' கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. கோடு இருந்திருந்தால் எதிரணியும் வேறு மாதிரி நின்றிருக்கும். ஆனால் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் கோடு வந்த முதல் சீசனான 1979-80-தான் இவருக்குக் கடைசி சீசன். முட்டி போய்விட்ட அந்த நிலையிலும் 15 த்ரீ எறிந்து 10 போட்டார்.

#11 ரீபவுண்டு_ராசா

என்.பி.ஏ.வில் கோப்பை ஏதும் உண்டா?

#12 பழைய_ஸ்கோர்புக்

இல்லை தம்பி. 1970-ல் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது அட்லாண்டா ஹாக்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. சுமார் 19 லட்சம் டாலர் ஒப்பந்தம், அன்றைக்கு மலைப்பான தொகை. பல வருடமாக அந்த அணியைச் சுமந்தவர்களுக்கு அதில் ஒரு துளிகூடக் கிடைத்ததில்லை. புதுப் பையனை அவர்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1974-ல் புதிதாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்கு மாற்றினார்கள். அதே வருடம் அம்மா ஹெலன் தற்கொலை செய்துகொண்டார். குடிப்பழக்கம் அம்மாவை விழுங்கியது, மகனையும் விடவில்லை.

ஆட்டம் என்று பார்த்தால் நியூ ஆர்லியன்ஸ்தான் உச்சம். 1976-77-ல் 31.1 சராசரியோடு என்.பி.ஏ.விலேயே முதலிடம். 1977 பிப்ரவரி 25 அன்று நியூயார்க் நிக்ஸ் மேல் 68 புள்ளி. எதிரே நின்று தடுத்தவர் வால்ட் ஃப்ரேசியர், தடுப்பதற்கென்றே பெயர் எடுத்தவர். அடுத்த வருடம் ஜனவரியில் கால்களுக்கு நடுவே ஒரு நீளப் பாஸ் போட்டுவிட்டு இறங்கும்போது முட்டி போனது. பிறகு பழைய ஆள் திரும்பவே இல்லை. 1980-ல் பாஸ்டனில் லாரி பேர்டோடு பாதி சீசன், அந்த இலையுதிர் காலத்தில் ஓய்வு. பாஸ்டன் கோப்பையை ஜெயித்தது அடுத்த 1981-ல். அவருடைய ராசி அப்படி.

#13 நடுவர்_விசில்

ஓய்வுக்குப் பின்னால் இரண்டு வருடம் மனிதர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. யோகா செய்து பார்த்தார், இந்து மத நூல்களைப் புரட்டினார், அசைவத்தை விட்டார். வேற்றுக்கிரகத்தில் இருந்து யாராவது வந்து தன்னைக் கூட்டிப்போகட்டும் என்று வீட்டுக் கூரையில் எழுதி வைத்ததாகவும் சொல்வார்கள். 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பியதும்தான் அமைதி கிடைத்தது என்று அவரே ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அப்பாவோடு சமாதானமானதும் அந்தக் காலத்தில்தான். பிரெஸ் புற்றுநோயில் படுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது பீட். 1987 ஏப்ரலில் அப்பா போனார். மே மாதம் மகனுக்குக் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். ஒரு மாதம்கூட இல்லை. இத்தனை வருடம் காரில் இருந்து பந்தைத் தட்ட வைத்த மனிதர் அந்த மேடையைப் பார்க்கவில்லை.

#14 ஆற்றங்கரை

இறந்த விதத்தையும் சொல்லிவிடுங்கள் நடுவரே, தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

#15 நடுவர்_விசில்

1988 ஜனவரி 5, கலிஃபோர்னியாவில் பாசடீனா. வானொலி நிகழ்ச்சிக்காகப் போன இடத்தில், காலையில் ஒரு தேவாலயத்து ஆட்டக்களத்தில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளையில், உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லிய சில நொடியில் விழுந்தார். வயது 40.

பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கொரோனரி தமனி பிறவியிலேயே இல்லை. வலது தமனி பெருத்து இரண்டின் வேலையையும் பார்த்திருக்கிறது. இப்படிப் பிறப்பவர்கள் இருபதைத் தாண்டுவதே அபூர்வம். ஓட்டமும் குதிப்புமாக வேர்த்துக் கொட்டும் ஆட்டத்தை முப்பது வருடம் ஆடியிருக்கிறார், ஒரு டாக்டருக்கும் தெரியாமல்.

இன்னொன்று. 1974-ல் ஒரு பத்திரிகைக்காரரிடம், பத்து வருடம் என்.பி.ஏ. ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பில் சாக எனக்கு விருப்பம் இல்லை என்று சொல்லியிருந்தார். ஆடியது பத்து சீசன்தான்.

#16 ரீபவுண்டு_ராசா

இதைப் படித்துவிட்டு இரவில் தூக்கம் வராது போல.

#17 கடைசி_பெஞ்ச்

மனம் கனத்துத்தான் இருக்கிறது. ஆனாலும் என் முதல் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்றை எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது.

மாராவிச் ஆடிய தென்கிழக்கு மாநாட்டில் (தென் மாநிலக் கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் லீக்) அன்றைக்குக் கறுப்பின வீரர்கள் அநேகமாக இல்லை. சரியாகச் சொன்னால் முதல் இரண்டு சீசனில் பிரதான அணிகளில் ஒரே ஒருவர் இருந்தார்: வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ். அந்த மாநாட்டில் பிரதான கூடைப்பந்து அணிக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர். தொடங்கியது 1967 டிசம்பரில், முடித்தது 1970 மார்ச்சில். மாராவிச்சின் அதே மூன்று வருடம்! எல்.எஸ்.யூ.வுக்கு முதல் கறுப்பின வீரராகக் காலிஸ் டெம்பிள் வந்தது அதற்குப் பிறகுதான்.

மாராவிச் போன ஊரிலெல்லாம் டிக்கெட்டுக்கு வரிசை. வாலஸ் போன அதே ஊர்களில் அவர் மேல் துப்பினார்கள். மிசிசிப்பியில் ஒரு ஆட்டத்தில் முகத்தில் அடி விழுந்து கண் வீங்கியது, நடுவர் விசில் ஊதவில்லை (நம் நடுவர்_விசிலைச் சொல்லவில்லை). இடைவேளை முடிந்து, கொக்கரிக்கும் கூட்டத்துக்கு நடுவே தனி ஆளாக ஆட்டக்களத்துக்குத் திரும்பினார்.

3,667 எடுத்தது பெரிய விஷயமே. அந்த மாநாட்டின் கதவைப் பூட்டி வைத்திருந்த காலத்தில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். கதவைப் பூட்டியது மாராவிச் இல்லை, தெரியும்.

#18 பழைய_ஸ்கோர்புக்

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. நான்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சீசன்வாரியாக 43.8, 44.2, 44.5 என்று எழுதி வைத்திருக்கிறேன், அதே பக்கத்தில் வாலஸுக்கு ஒரு வரி இல்லை.

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த மூன்று வருடமும் கல்லூரி ஆட்டத்தில் டங்க் (எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் மேலிருந்து திணிப்பது) அடிக்கத் தடை. 1967-ல் கொண்டுவந்த விதி, யூ.சி.எல்.ஏ.வின் உயரமான ஆல்சிண்டரை மனதில் வைத்து என்பார்கள். தூரத்தில் இருந்து எறியும் மாராவிச்சுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. வாலஸின் ஆட்டமே டங்க். அதையும் பிடுங்கிக்கொண்டுதான் ஆட விட்டார்கள்.

#19 கடைசி_பெஞ்ச்

வாலஸின் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் கடைசிக் கூடை எது தெரியுமா? டங்க். விதிப்படி செல்லாது. அன்றைக்கு நடுவர்கள் இரண்டு புள்ளி கொடுத்துவிட்டார்கள்.

#20 பழைய_ஸ்கோர்புக்

அந்த இரண்டையும் எழுதிக்கொள்கிறேன் சார்.

வாலஸ் பிறகு சட்டப் பேராசிரியர் ஆனார், 2017-ல் இறந்தார். அவருக்குத் தனி இழை வேண்டும், நாளை தொடங்குகிறேன். இந்த இழையைப் பூட்ட வேண்டாம். நிக்ஸ் மேல் 68 எடுத்த ஆட்டத்தின் நீளமான காணொளி யாரிடமாவது இருந்தால் போடுங்கள். என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் படம் நடுங்குகிறது.